பலாலியிலிருந்து சென்னை: 354 கிலோமீற்றரும் ஏழு மணித்தியாலமும்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஊரில் யாராவது கேட்டால், 43 நிமிடம் என்றும் சொல்லலாம், 75 நிமிடம் என்றும் சொல்லலாம், ஏழு மணித்தியாலம் என்றும் சொல்லலாம், மூன்றுமே உண்மை. முதலாவது கணக்குப் புத்தகத்து விடை, இரண்டாவது விமான நிறுவனத்தின் அட்டவணை, மூன்றாவது வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுப் புறப்பட்ட நேரத்திலிருந்து அங்கே இன்னொரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் வரையிலான கணக்கு. அக்கா குடும்பம் வளசரவாக்கத்தில் குடியிருப்பதாலும், அம்மாவின் கண் சிகிச்சை சென்னையில் தொடர்வதாலும், 2022 டிசெம்பரில் பலாலிச் சேவை மீண்டும் தொடங்கிய பிறகு இந்த வழியில் அடிக்கடி போய்வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை, முதன்முறை இந்தப் பயணத்தைத் திட்டமிடுவோருக்கு உதவக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தூரத்தை முதலில் பார்ப்போம். பலாலி விமான நிலையம் வட அகலாங்கு 9.79 பாகையிலும் சென்னை மீனம்பாக்கம் 12.99 பாகையிலும் இருக்கின்றன. நெட்டாங்கில் இரண்டுக்கும் இடையே பாகையின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசமே உண்டு. அதாவது ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது இருப்பதாகவே கொள்ளலாம். ஆகவே கணக்கு மிக எளிது: 3.2 பாகையை, பாகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 354 கிலோமீற்றர், விமானிகளின் அளவையில் 191 கடல்மைல். படத்தை விரித்து வைத்துப் பார்க்கும்போது எனக்கே வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. மதுரை விமான நிலையமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அகலாங்கில் இருக்கின்றன. ஆனால் மதுரை மேற்கே தள்ளி இருப்பதால் சென்னைக்கும் அதற்கும் இடையேயான வான்வழித் தூரம் 415 கிலோமீற்றரைத் தாண்டிவிடுகிறது. சென்னைக்காரருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணமே கிட்ட என்று சொன்னால் அக்காவின் அயலவர்கள் இன்றும் நம்ப மறுக்கிறார்கள். நமக்கும் அப்படித்தான், பலாலியிலிருந்து கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் 290 கிலோமீற்றர் அளவில் வரும், சென்னை அதைவிட அறுபது எழுபது கிலோமீற்றர்தான் கூடுதல்.

இணையத்தில் இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் கணிப்பான்கள் பல இருக்கின்றன. தூரத்தைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். நேரத்தை நம்ப வேண்டாம். அவற்றில் பல, எந்த ஊராக இருந்தாலும் மணிக்கு 800 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்தை மனதில் வைத்துத் தூரத்தை வகுத்துவிடும். அந்தக் கணக்கில் பலாலியிலிருந்து சென்னை 27 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த வழியில் வருவதோ ஏடிஆர் 72 வகை விமானம். இரண்டு விசிறிகளை உடைய டேர்போப்ரொப். எழுபது பேருக்குச் சற்று மேல் ஏறலாம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது ஓடுபாதை 1,400 மீற்றர் அளவுக்கே சீரமைக்கப்பட்டது என்பதால், அந்த நீளத்தில் இறங்கி ஏறக்கூடிய இத்தகைய விமானமே இங்கு பொருந்தியது. 354ஐ 500ஆல் வகுத்தால் வருவதுதான் முதலில் சொன்ன 43 நிமிடம்.

அட்டவணையிலோ 75 நிமிடம் போட்டிருப்பார்கள். சில காலங்களில் ஒன்றரை மணித்தியாலம் வரையும் போட்டிருந்தார்கள். மீதி அரை மணித்தியாலம் எங்கே போகிறது என்று அம்மா ஒருமுறை கேட்டார். அட்டவணை நேரம் என்பது சக்கரங்களுக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, மறுமுனையில் தரிப்பிடத்தில் நின்று மீண்டும் கட்டை வைக்கும் கணம் வரையிலானது. பலாலியில் நிற்குமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே தூரமே இல்லை. சில நிமிடத்தில் மேலெழும்பிவிடும். மீனம்பாக்கத்தில் அப்படி இல்லை. முன்னே பெரிய விமானங்கள் வரிசையில் நிற்கும், இறங்குபவற்றுக்கு வழிவிட வேண்டும், ஓடுபாதையின் எந்த முனை அன்றைய காற்றுக்கு ஏற்றதாக இருக்கிறதோ அதுவரை உருண்டு போக வேண்டும். மேலெழும்பிய பிறகும் உச்ச வேகம் உடனே வந்துவிடுவதில்லை. பதினேழாயிரம், பத்தொன்பதாயிரம் அடி என்று ஏறும் வரை மெதுவாகத்தான் போகும், இறங்கத் தொடங்கியதும் மறுபடி வேகம் குறையும். இவ்வளவு குறுகிய பயணத்தில் உச்ச வேகத்தில் பறக்கும் பகுதி அரை மணித்தியாலம்கூட நீடிக்காது. பானம் தருவதற்காகத் தள்ளுவண்டி பின்வரிசையை எட்டும்போது முன்வரிசையில் கோப்பைகளைத் திரும்ப வாங்கத் தொடங்கிவிடுவார்கள். "இப்பதானே தம்பி ஏறினனாங்கள், அதுக்குள்ளை பெல்ற்றைப் போடச் சொல்லுறாங்கள்" என்பது முதல் பயணத்தில் அம்மாவின் வியப்பு.

இந்த நிலையான அரை மணித்தியாலம், தூரம் எவ்வளவு குறைந்தாலும் குறையாது என்பதை இன்னொரு வழியை வைத்துச் சரிபார்க்கலாம். 2025 மார்ச் இறுதியிலிருந்து திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே நேரடிச் சேவை தொடங்கியது. அந்தத் தூரம் 185 கிலோமீற்றர் அளவுதான்; சென்னைத் தூரத்தில் பாதியைச் சற்று விஞ்சும். ஆனால் அட்டவணை நேரம் பாதியாகவில்லை; கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் போட்டார்கள். 170 கிலோமீற்றர் குறைந்ததற்கு மிச்சமானது கால் மணித்தியாலம் மட்டுமே.

காற்றும் அப்படித்தான், குறுந்தூரத்தில் அதன் பங்கு சிறிது. எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் வீசினாலும் 43 நிமிடம் 46 ஆகும். பின்னிருந்து தள்ளினால் 39 ஆகும். யாரும் கவனிக்கப்போவதில்லை. இலண்டனில் இருக்கும் என் மைத்துனருக்கோ இது பெரிய விடயம். சென்னையிலிருந்து இலண்டன் ஹீத்ரோ 8,200 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நடு அகலாங்குகளில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேல்வளிக் காற்றோட்டத்தால், அங்கிருந்து சென்னைக்கு வரும் பயணம் சென்னையிலிருந்து அங்கே போகும் பயணத்தைவிட ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஒரே தூரத்துக்குப் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்று அட்டவணையில் பார்த்துத் தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

அட்டவணையை வாசிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய மற்றொன்று, அதில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும் சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும் என்பது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இன்று இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் ஒரே நேரம். எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பது நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1996இல் இலங்கை கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தி, அதே ஆண்டில் பின்னர் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. சிங்கப்பூர் வழியாகப் போகும் உறவினர்கள் இரண்டரை மணித்தியால வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல், 2,900 கிலோமீற்றர் தூரத்தைச் சென்னையிலிருந்து போகும்போது ஆறே முக்கால் மணித்தியாலம் என்றும் வரும்போது ஒன்றே முக்கால் என்றும் எண்ணிக்கொள்வதை இன்றும் பார்க்கிறேன். உண்மையில் இரு பக்கமும் நாலே கால் மணித்தியாலம் அளவுதான்.

இனி ஏழு மணித்தியாலக் கணக்குக்கு வருகிறேன். பயணச்சீட்டு வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பலாலி 17 கிலோமீற்றர் அளவு. ஓட்டோவில் போனாலும் வாகனம் பிடித்துப் போனாலும் அரை மணித்தியாலத்திலிருந்து முக்கால் மணித்தியாலம். விமான நிலையத்தைச் சுற்றிய நிலப்பகுதி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. நான் போகத் தொடங்கிய காலத்தில், நம் வாகனத்தை வெளிச்சாவடியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அவர்களே ஒழுங்கு செய்த பேருந்தில்தான் முனையத்துக்குப் போக வேண்டியிருந்தது. வழியனுப்ப வருபவர்கள் அந்தச் சாவடியோடு நின்றுவிட வேண்டும். நடக்கச் சிரமப்படும் முதியவர்களோடு போகிறவர்கள் இதற்கென்று மேலதிகமாக இருபது நிமிடம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. நடைமுறை அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முதல்நாள் ஒருமுறை விசாரித்துவிடவும் வேண்டும்.

சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்வார்கள். பலாலியைப் பொறுத்தவரை இரண்டு மணித்தியாலமே தாராளம் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரே நேரத்தில் ஒரு விமானத்துக்கான எழுபது பேர்தான் வரிசையில் நிற்பார்கள். ஆனாலும் பொதிகளின் எடை பார்க்கும் இடத்தில் நேரம் போகும். சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பனங்கட்டியும் புழுக்கொடியலும் இடித்த மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு வருபவர்கள், தராசில் இரண்டு கிலோ கூடிவிட்டது என்றவுடன் பெட்டியைத் தரையில் விரித்து, மிளகாய்த்தூள் பொதியைத் தூக்கி மணந்து பார்த்து, எதை விடுவது என்று வீட்டுக்காரரோடு வாதாடும் காட்சியைக் காணாமல் நான் ஒருநாளும் அந்த முனையத்தைக் கடந்ததில்லை. சிறிய விமானத்தில் எடை விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது: ஓடுபாதை குறுகியது, வெயில் கூடினால் விசிறி விமானத்தின் ஏறுதிறன் குறைகிறது. ஆகவே வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டு வருவது அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

கைப்பையிலும் கவனம் வேண்டும். ஜெட் விமானத்தின் மேல்தட்டில் சுலபமாக வைக்கக்கூடிய சக்கரப் பெட்டி ஏடிஆரின் மேல்தட்டுக்குள் நுழையாது. விமானத்தின் படியடியில் நிற்கும் ஊழியர் அதை வாங்கிக் கீழே சரக்கறையில் போட்டுவிடுவார். அம்மாவின் கண்துளி மருந்து, வைத்தியரின் அறிக்கைகள், மூக்குக்கண்ணாடி, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் தோளில் மாட்டும் சிறு துணிப்பை ஒன்றுக்குள் வைப்பதை இதனால்தான் வழக்கமாக்கிக்கொண்டோம்.

இருக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதிலும் நேரம் அடங்கியிருக்கிறது. ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்குவது பின்வாசலால். முன்பகுதியில் இருப்பது சரக்கறைக் கதவு. பழக்கத்தில் முன்வரிசைக்காக மேலதிகப் பணம் கட்டி அமர்பவர்கள், எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் இறங்குவார்கள். சென்னையில் இது பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும். குடிவரவு மண்டபத்தில் நம்மோடு வந்த எழுபது பேருக்கு முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் சில நாட்களில் அரை மணித்தியாலத்துக்குச் சமம். பின்வரிசைகளில் விசிறியின் இரைச்சலும் சற்றுக் குறைவு. இறக்கை விமானத்தின் தலைக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த யன்னலிலிருந்தும் கீழே தடையின்றிப் பார்க்கலாம். நடு வரிசைகளில் இருப்பவர்களுக்கு, மேலெழும்பிய கையோடு சக்கரங்கள் மடிந்து வயிற்றோரக் கூண்டுக்குள் போவதும், இறங்கும் முன் அவை மறுபடி விரிந்து காற்றில் அதிர்வதும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கடலூர், காரைக்கால், கோடியக்கரை ஆகியவை எல்லாம் நேர்கோட்டுக்கு மேற்கே இருப்பதால், சென்னைக்குப் போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் அமர்ந்தால் தெளிந்த நாளில் சோழமண்டலக் கரை முழுவதும் கூடவே வரும்.

மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு ஆகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்வது கடினம். நம் சிறு விமானம் இறங்கிய அதே நேரத்தில் வளைகுடா நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த பெரிய விமானம் ஒன்று பயணிகளை இறக்கியிருந்தால் குடிவரவுக்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். யாரும் வராத நேரமென்றால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். பிற்பகல் நேரங்களில் எனக்குப் பெரும்பாலும் நல்ல அனுபவமே. பிறகு நகரம். சென்னையின் மெட்ரோ 2016 செப்டெம்பரிலிருந்து விமான நிலையத்துக்கு வருகிறது. சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு பக்கம் போகிறவர்கள் பெரிய பொதி இல்லாவிட்டால் யோசிக்காமல் அதில் ஏறிவிடலாம். எழும்பூர், கோயம்பேடு என்றால் ஆலந்தூரில் வழித்தடம் மாற வேண்டியிருக்கும். வளசரவாக்கத்துக்கு வீதியால்தான் போகிறோம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு கத்திப்பாராவைக் கடந்து போரூர்ப் பக்கம் திரும்புவதற்கு ஆகும் நேரம், பாக்குநீரிணையைத் தாண்டி நாம் வந்த நேரத்தை விழுங்கிவிடும். இவை எல்லாவற்றையும் சேர்த்தால், வீட்டிலிருந்து வீடு ஆறரை முதல் ஏழரை மணித்தியாலம். அதில் வானத்தில் இருப்பது ஒரு மணித்தியாலம்தான். எனவே அட்டவணையில் பத்து நிமிடம் குறைவாக உள்ள சேவையைத் தேடுவதைவிட, சென்னையில் மாலை நெரிசலுக்கு முன் இறங்கும் சேவையைத் தேடுவதே பயன்.

ஏழு மணித்தியாலம் அதிகம் என்று நினைப்பவர்கள் இதற்கு முந்திய வழியை ஒருதரம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்பு வழியாகப் போவதென்றால், இரவுப் பேருந்தில் கட்டுநாயக்கவுக்கு ஏழெட்டு மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலக் காத்திருப்பு, 650 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம், சென்னையில் மறுபடி குடிவரவும் வீதியும். பதினான்கு, பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. வடக்கே போக வேண்டியவர்கள் முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் போய்விட்டு, வந்த தூரத்துக்கு மேல் திரும்பவும் வடக்கே பறந்தோம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்ட பின் மன்னார்ப் பக்கமாகப் போகலாம் என்பதும், யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரத் தொடங்கியது என்பதும் இந்தச் சுற்றைச் சற்று வசதியாக்கின, குறுக்கவில்லை.

நம் பெற்றோரின் தலைமுறைக்கு இந்த நேர்வழி புதிதல்ல. பலாலித் தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்தது. 1947 டிசெம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்கு நடத்தியது, விமானம் டிசி-3. மணிக்கு 300 கிலோமீற்றருக்குச் சற்று முன்பின்னாகப் பறக்கக்கூடிய அந்த விமானத்துக்கு 354 கிலோமீற்றர் என்பது எழுபது நிமிடத்துச் சொச்சம், அந்த நிலையான அரை மணித்தியாலத்தையும் சேர்த்தால் நூறு நிமிடம் அளவு. இன்றைய அட்டவணை 75 நிமிடம் என்பதைப் பார்க்கும்போது, முக்கால் நூற்றாண்டில் இந்த வழியில் விமானம் மாறியிருக்கிறதே தவிர, பயணியின் கடிகாரத்தில் மிச்சமானது அரை மணித்தியாலம்கூட இல்லை என்று நினைத்துக்கொள்வேன். மாறியது இடையில் இருந்த வெறுமைதான். 1978இல் நின்றுபோன சர்வதேசச் சேவை, 2019 ஒக்டோபர் 17 அன்று நிலையம் மீண்டும் திறக்கப்படும் வரை வரவில்லை. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவையும் 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பர் 12 அன்றுதான் திரும்பியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமும் வந்த பிறகே நாளைத் தெரிவு செய்யும் வசதி கிடைத்தது.

நேரடி வழியைப் புகழ்ந்துகொண்டே போவது நியாயமல்ல. அதன் பலவீனம் மழைக்காலத்தில் தெரியும். ஒரு நவம்பரில் அம்மாவோடு சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கோடியக்கரையைத் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை. விமானம் இறங்குவதும், நிதானிப்பதும், வளைவதுமாகச் சிறிது நேரம் சுற்றியது. மழை விலகும் வரை காத்திருந்து பார்த்ததாகவும், முடியாததால் சென்னைக்கே திரும்புவதாகவும் விமானி அறிவித்தார். இரண்டரை மணித்தியாலம் பறந்து, ஏறிய இடத்திலேயே இறங்கினோம். அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறுகிய ஓடுபாதையில், கண் தெரியாத மழையில், வேறெதுவும் சரியாக இருந்திருக்காது. அதன்பின் நடந்ததுதான் அலைக்கழிப்பு. அடுத்த நாள் சேவையில் இடம் உண்டா, இரவு எங்கே தங்குவது, சாப்பாடு யார் பொறுப்பு என்று கேட்ட கேள்விகளுக்கு, அந்த நிறுவனத்தின் மேசையில் இருந்தவர் எங்களை இன்னொரு மேசைக்கு அனுப்பினார். அங்கே ஒருவரும் இல்லை. அக்கா வீடு இருந்ததால் எங்களுக்குக் கவலையில்லை. எங்களோடு வந்த வயதான தம்பதிக்குச் சென்னையில் யாருமில்லை. அவர்களையும் அன்றிரவு வளசரவாக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த நாளில் கவனித்த ஒன்று, ஒருமுறை மட்டும் உள்நுழைய அனுமதிக்கும் விசாவில் இந்தியா போகிறவர்களுக்கு மிக முக்கியம். நாங்கள் புறப்படும்போது கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்துவிட்டது. திரும்பி வந்ததும் குடிவரவு அதிகாரிகள் அந்த முத்திரையை இரத்துச் செய்து, நாங்கள் நாட்டை விட்டு வெளியேறவே இல்லை என்று பதிந்தார்கள். களைப்பில், நெரிசலில், இதைச் சரிபார்க்காமல் வெளியே ஓடிவிடக் கூடாது. இரத்துச் செய்த குறி கடவுச்சீட்டில் தெளிவாக இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டே மண்டபத்தை விட்டு நகர வேண்டும்.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வாடைக்காலப் பயணங்களில் இப்போது முன்னும் பின்னும் ஒரு நாளை வெறுமையாக விடுகிறேன். வைத்தியரின் நேரம் செவ்வாய் என்றால் ஞாயிறே போய்விடுவோம். கொழும்பு வழியில் ஒரு சேவை தவறினால் அதே நாளில் வேறொன்று கிடைக்க வாய்ப்புண்டு. பலாலியில் பெரும்பாலும் மறுநாள்தான். ஆகவே தவறவே கூடாத நாள், பரீட்சை, தூதரக நேர்முகம், முகூர்த்தம் என்று ஏதாவது இருந்தால், மழைக்காலத்தில் பதினைந்து மணித்தியாலக் கொழும்பு வழியே பாதுகாப்பானது என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக ஊருக்கு வரும் உறவினர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இலண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்திலும், சென்னையிலிருந்து பலாலிக்கு வேறொன்றிலும் தனித்தனிச் சீட்டு எடுத்தால், இடையில் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு இந்திய விசா வேண்டும், நேரமும் வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. மூன்று மணித்தியால இடைவெளி போதும் என்று பயண முகவர்கள் சொல்வதுண்டு. நான் ஆறுக்குக் குறைய ஒப்புக்கொள்வதில்லை. இரவில் வந்து மறுநாள் புறப்படுவது இன்னும் நல்லது.

கப்பலும் இருக்கிறது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை, 110 கிலோமீற்றர் கடலை நான்கு மணித்தியாலத்தில் கடக்கிறது. சென்னைக்குப் போகிறவர்களுக்கு அது உதவாது. நாகபட்டினத்திலிருந்து மேலும் 300 கிலோமீற்றர் வீதி இருக்கிறது. நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கு அதைவிடக் கிட்டிய வழி இல்லை. சிதம்பரத்துக்குப் போகும் நம் ஊர்ச் சைவர்கள் மட்டும் இனிச் சென்னையில் இறங்கித் தெற்கே நாலைந்து மணித்தியாலம் வர வேண்டியதில்லை. திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போனால் வீதியில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மிச்சம்; வழியில் பெரிய கோயிலுக்கும் ஒருக்கால் போய்க்கொள்ளலாம்.